ரயிலே இல்லாத ரயில் போஸ்டர் – வாசகர் கேள்வி பதில்

போன இதழின் நடுப்பக்கத்தில் பழைய ஐரோப்பிய, ஜப்பானிய அரூப போஸ்டர்கள் சிலவற்றைப் போட்டிருந்தோம். பெரும்பாலும் வட்டம், முக்கோணம், பட்டைக் கோடு, இரண்டு மூன்று வண்ணம், அவ்வளவுதான். இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ரசித்தவர்கள் இருக்கிறார்கள், கோபப்பட்டவர்கள் அதைவிட அதிகம். கோபக் கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் மனதுக்குள் கேட்கும் கேள்வியை அவர்தான் நேராகக் கேட்டிருக்கிறார்.

அந்த பீத்தோவன் கச்சேரி போஸ்டரைப் பார்த்தேன். கறுப்பாக நாலைந்து வளைவு, நடுவில் பொடி எழுத்து. என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள், காம்பஸ் கொடுத்தால் அவளே போட்டுவிடுவாள். இதையெல்லாம் தூக்கிப் பிடிப்பது நியாயமா சார்?
– கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்

காம்பஸை அவளிடம் கொடுங்கள், நிஜமாகவே சொல்கிறேன். ஒரே மையத்தில் ஐந்தாறு வட்டம் போடச் சொல்லுங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பருமன், நடுவே ஒரே இடைவெளி. அதைச் சுவரில் ஒட்டி, பக்கத்திலேயே போன இதழின் அந்தத் தாளையும் ஒட்டிவிட்டு, பத்தடி தள்ளி நின்று இரண்டையும் பாருங்கள். அவள் போட்டது குளத்தில் கல் விழுந்த அலை மாதிரி அழகாக, அமைதியாக, அப்படியே நிற்கும். மற்றது சுழலும். கண்ணை ஓர் இடத்தில் உட்கார விடாது, மெல்லிய வளைவில் ஏறி, தடித்த வளைவுக்குத் தாவி, தாளின் ஓரத்தைத் தாண்டி வெளியே போய்த் திரும்பவும் உள்ளே வரவைக்கும்.

அந்தச் சுழற்சி தற்செயலாக வந்ததில்லை. 1955 பிப்ரவரியில் சூரிச் நகரத்தின் டோன்ஹாலே அரங்கில் நடந்த கச்சேரிக்காக சுவிஸ் வடிவமைப்பாளர் யோசஃப் முல்லர்-புரோக்மன் செய்தது அது. வளைவுகளின் பருமனை அளந்து பார்த்தால் ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரு மடங்கு: 1, 2, 4, 8, 16 என்று போகும். ஒவ்வொரு வளைவும் எங்கே தொடங்கி எங்கே வெட்டுப்பட வேண்டும் என்பதையும் வட்டத்தைச் சமமாகப் பங்கிட்ட கோணங்களை வைத்தே முடிவு செய்திருக்கிறார். கைபோன போக்கில் இழுத்த கோடு அதில் ஒன்றுகூட இல்லை.

ஏன் இரு மடங்கு? கும்பகோணத்துக்காரரான உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். கீழ் ஸட்ஜத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் அதிர்வெண்ணில் சரியாக இரு மடங்குதான் வித்தியாசம். பல்லவியை முதல் காலத்தில் பாடிவிட்டு இரண்டாம் காலத்துக்குப் போனால் வேகம் இரு மடங்கு, மூன்றாம் காலத்தில் அதற்கும் இரு மடங்கு. மேற்கத்திய இசையிலும் ஸ்வரத்தின் நீளத்தை முழுசு, பாதி, கால், அரைக்கால் என்றுதான் எழுதுகிறார்கள். இசைக்குள்ளே ஏற்கெனவே இருக்கும் ஒரு கணக்கை எடுத்துத் தாளின் மேல் வைத்திருக்கிறார் மனிதர். கணக்கு தெரியாதவர்களுக்கும் கண்ணில் படுவது அந்தத் தாளம்தான், நாமும் கணக்குத் தெரிந்துகொண்டா தனி ஆவர்த்தனத்துக்குத் தலையாட்டுகிறோம்?

பீத்தோவன் என்றதும் எல்லோரும் போடுவது கலைந்த முடியும் முறைத்த முகமும்தான். அந்த முகம் பீத்தோவன் என்ற ஆளைக் காட்டும், அன்று மாலை அரங்கில் கேட்கப்போவதைக் காட்டாது. முல்லர்-புரோக்மன் அந்த அரங்குக்குப் பல ஆண்டுகள் போஸ்டர் செய்தார், ஒவ்வொன்றிலும் இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார், எல்லாமே இந்த அளவுக்குக் கைகூடவும் இல்லை. இது கைகூடியது. எழுத்தையும் கவனியுங்கள், முதலெழுத்தில்கூடப் பெரிய எழுத்து கிடையாது. பெயர்ச்சொல் ஒவ்வொன்றையும் பெரிய எழுத்தில் தொடங்கும் ஜெர்மன் மொழியில் அப்படிச் செய்வது அன்று லேசான காரியம் இல்லை. இவ்வளவு இரைச்சலான வளைவுக்கு நடுவே அந்தப் பொடி எழுத்து மெல்லப் பேசுகிறது, அதனால்தான் கிட்டே போய்ப் படிக்கத் தோன்றுகிறது.

உங்கள் மகள் போட்டதை எனக்கு அனுப்பிவையுங்கள், ஆசையாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அச்சுத் தொழில், தீப்பெட்டி லேபிளில்தான் தொடங்கினோம். பழைய லேபிள்களில் மயில், புலி, சாமி படம் என்று இண்டு இடுக்கு விடாமல் நிறைத்திருப்பார்கள். நீங்கள் போட்ட ஜெர்மன் தீப்பெட்டி போஸ்டரில் ரெண்டே குச்சி. எப்படி வந்தது இந்த யோசனை? வண்ணச் செலவை மிச்சம் பிடிக்கத்தானா?
– சிவகாசி வாசகர்

தீப்பெட்டியும் கல் அச்சும் சேர்ந்து வளர்ந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி சந்தோஷம்.

பெர்லினில் 1905–06 வாக்கில் பிரீஸ்டர் என்ற தீக்குச்சிக் கம்பெனி ஒரு போஸ்டர் போட்டி வைத்தது. லூசியான் பெர்ன்ஹார்ட், அப்போது 25 வயதுகூட ஆகவில்லை, போட்டிக்கு ஒன்று வரைந்தார். முதலில் வரைந்ததில் மேசை, மேசைவிரிப்பு, சாம்பல் கிண்ணம், அதில் புகையும் சுருட்டு, புகைக்குள் ஆடும் பெண்கள், ஓரத்தில் தீக்குச்சி என்று எல்லாம் இருந்ததாம். வீட்டுக்கு வந்த நண்பர் பார்த்துவிட்டு, அருமையான சுருட்டு விளம்பரம் என்று பாராட்டியிருக்கிறார். அவ்வளவுதான், பெர்ன்ஹார்ட் ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். ஆடும் பெண்கள் போனார்கள், சுருட்டு போனது, சுருட்டு இல்லாமல் கிண்ணம் எதற்கு, அதுவும் போனது, கடைசியில் மேசையே போனது. மிஞ்சியது கருஞ்சிவப்புப் பின்னணியில் மஞ்சள் தலையோடு இரண்டு சிவப்புக் குச்சி, மேலே தடித்த எழுத்தில் கம்பெனி பெயர். நடுவர்கள் அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார்கள் என்றும், தாமதமாக வந்த எர்ன்ஸ்ட் குரோவால்ட் என்ற அச்சகத்துக்காரர் அதைக் கூடையிலிருந்து எடுத்து, இதுதான் முதல் பரிசு என்று அடித்துச் சொன்னார் என்றும் கதை. பல வாய்க்குப் போய் வந்த கதை, கொஞ்சம் மெருகேறியிருக்கும். ஆனால் போஸ்டர் நம் கண்முன்னே இருக்கிறது, அதில் மேசையும் இல்லை, சுருட்டும் இல்லை. ஜெர்மனியில் அதற்குப் பிறகு பொருள், பெயர் இரண்டை மட்டும் வைத்துச் செய்யும் பாணியே ஒன்று கிளம்பி முதல் உலகப்போர் வரை ஓடியது.

செலவு என்று நீங்கள் சொன்னது பாதி சரி. கல் அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல், தாள் ஒவ்வொரு முறையும் மறுபடி மெஷினுக்குள் போய் வரவேண்டும், ஒரு முறை ரெஜிஸ்டர், அதாவது வண்ணம் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது, விலகினால் மயிலின் கண் மயிலுக்கு வெளியே போய்விடும், இது நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. மூன்று நான்கு வண்ணத்தோடு முடித்தால் காசும் மிச்சம், தலைவலியும் மிச்சம். ஆனால் அதே காலத்தில் பத்துப் பன்னிரண்டு கல் வைத்து எண்ணெய் ஓவியம் போலவே அச்சடித்த வண்ணப்படங்களும் வந்துகொண்டுதான் இருந்தன. முடியாமல் விட்டதில்லை, வேண்டாம் என்று விட்டது.

மற்ற பாதி, பார்க்கும் தூரம். தீப்பெட்டி லேபிள் கைக்குள் இருக்கும் பொருள். ஒருவர் பீடி பற்றவைத்துவிட்டுப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், மயில் தோகையில் எத்தனை கண் என்றுகூட எண்ணுவார், அங்கே நிறைத்து வரைந்ததுதான் சரி. போஸ்டரை டிராமில் போகிறவர் இரண்டு நொடி பார்ப்பார், அதுவும் இருபது முப்பது அடி தூரத்திலிருந்து. உங்கள் தாத்தா காலத்து லேபிளையும் பெர்ன்ஹார்டின் குச்சியையும் எதிரெதிரே நிறுத்தி எது உயர்ந்தது என்று யாராவது கேட்டால் பதிலே சொல்லாதீர்கள், இரண்டும் வேறு வேலை. பழைய லேபிள்கள் இருந்தால் பத்திரமாக வையுங்கள், பூச்சி அரிக்க விட்டுவிடாதீர்கள்.

அரூபம் என்றால் உருவம் இல்லாதது என்றுதானே அர்த்தம்? உருவமே இல்லாமல் எதை விளம்பரம் செய்ய முடியும்?
– மதுரை, ஓய்வு பெற்ற ஆசிரியை

நீங்கள் சொன்ன பிறகு யோசித்தேன், அந்தச் சொல்தான் குழப்புகிறது அம்மா. இந்த போஸ்டர்களில் உருவம் நிறையவே இருக்கிறது, அச்சு அசலாக வரைந்த உருவம்தான் இல்லை. மார்கழியில் நீங்கள் போடும் தாமரைக் கோலத்தில் தாமரையின் நரம்பு கிடையாது, நிழல் கிடையாது, ஒரு இதழுக்கும் இன்னொரு இதழுக்கும் அளவு மாறாது, நிஜத் தாமரை எதுவும் அப்படிப் பூப்பதில்லை. ஆனாலும் தெருவில் போகிறவர் யாரும் இது என்ன பூ என்று கேட்பதில்லை. பூவிலிருந்து தேவையானதை மட்டும் வடித்து எடுத்தாயிற்று. வடித்து எடுப்பது என்ற சொல்லை நான் அரூபத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்வேன்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் ஒரு ரயில் போஸ்டர், அதில் ரயிலே கிடையாது. 1927-ல் பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஆம்ஸ்டர்டாம் போகும் சொகுசு ரயிலுக்காக கஸாந்த்ர செய்தது. கஸாந்த்ர என்பது அவர் போஸ்டருக்கு வைத்துக்கொண்ட பெயர், இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் 1901-ல் பிறந்து பிரான்சுக்கு வந்து சேர்ந்தவர். அந்த ரயிலின் பெயர் எத்வால் து நோர், அதாவது வடக்கு நட்சத்திரம், நம் துருவ நட்சத்திரம். போஸ்டரின் அடியில் தண்டவாளங்கள் அகலமாகத் தொடங்குகின்றன, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, குறுகிக்கொண்டு, மேலே மேலே ஏறித் தாளின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே அடிவானத்தில் ஒரே புள்ளியில் சேர்கின்றன. அந்தப் புள்ளியின் மேல் ஒரு வெள்ளை நட்சத்திரம். முடிந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் இன்னொன்று புரியும். பார்க்கிற நீங்கள் நின்றுகொண்டிருப்பது தண்டவாளத்தின் மேல், எஞ்சினின் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில். ரயிலை வரைந்திருந்தால் அது நமக்கு எதிரில் நிற்கும் ஒரு வண்டி. வரையாததால் நாமே அதில் போய்க்கொண்டிருக்கிறோம். நட்சத்திரம் ஒரே ஒரு உருவம்தான், ஆனால் அது ரயிலின் பெயரும், போகும் திசையும், போய்ச் சேரும் இடமும். ஒரே பொருள் மூன்று வேலை செய்யும்போது மற்ற இரண்டை வரைய வேண்டியதில்லை. இந்தத் தாளை முதன்முதலாக ஒரு புத்தகத்தில் பார்த்த நாளில் ரொம்ப நேரம் பக்கத்தைப் புரட்டாமல் உட்கார்ந்திருந்தேன், இன்றும் வகுப்பு எடுக்கப் போனால் முதலில் காட்டுவது இதைத்தான்.

போஸ்டர் செய்பவர் தந்தி ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி என்று கஸாந்த்ர சொல்லியிருக்கிறார். செய்தி அவருடையது இல்லை, அதைக் கொண்டுசேர்ப்பதுதான் அவர் வேலை. தந்தி காலத்து ஆள் நீங்கள், ஒரு சொல்லுக்கு இவ்வளவு காசு என்றால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று எப்படி யோசித்திருப்பீர்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

டிசைன் கல்லூரி மாணவி நான். லிஸிட்ஸ்கியின் சிவப்பு முக்கோண போஸ்டரை எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாயும் புரிந்துகொள்வான் என்று பாடத்தில் இருக்கிறது. உண்மையா? வட்டம், முக்கோணம், சதுரத்துக்கெல்லாம் எல்லா நாட்டிலும் ஒரே அர்த்தம் உண்டா?
– கோயம்புத்தூர்

முதலில் மற்ற வாசகர்களுக்காக: ரஷ்யாவில் உள்நாட்டுப் போர் நடந்த நேரம், செம்படைக்கு எதிராக நின்றவர்கள் வெள்ளையர் எனப்பட்டார்கள். எல் லிஸிட்ஸ்கி 1919-ல் வீடெப்ஸ்க் என்ற ஊரில், இன்று அது பெலாரஸில் இருக்கிறது, அங்கிருந்த கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தார். வெறும் கறுப்புச் சதுரத்தை ஓவியம் என்று 1915-ல் மாட்டிவைத்த மாலெவிச்சும் அதே பள்ளிக்கு வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் லிஸிட்ஸ்கி செய்த போஸ்டர் இது: இடதுபக்கத்திலிருந்து ஒரு சிவப்பு முக்கோணம் வந்து வெள்ளை வட்டத்தின் வயிற்றில் இறங்கியிருக்கிறது. வாசகத்தைத் தமிழில் சொன்னால், சிவப்பு ஆப்பால் வெள்ளையரை அடி. ஆப்பு என்ற சொல் நமக்கு இருப்பது எவ்வளவு வசதி பாருங்கள், ஆப்பு வைப்பது என்றால் என்னவென்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பாடத்தில் இருப்பதை நான் முழுசாக ஏற்கமாட்டேன். முக்கோணத்தின் கூர்மை குத்தும், வட்டம் குத்துப்படும், இது கத்தியையும் பூசணிக்காயையும் பார்த்த எவருக்கும் புரியும், அதற்குப் படிப்பு வேண்டாம். ஆனால் குத்துவது யார், குத்துப்படுவது யார் என்பது அந்தப் போருக்கு நடுவே வாழ்ந்தவருக்குத்தான் புரியும். சிவப்பும் வெள்ளையும் ஏற்கெனவே தெருவில் பெயராகிவிட்டிருந்தன, லிஸிட்ஸ்கி அதன் மேல்தான் ஏறி நின்றார். அதே தாளை அன்றைய மதுரையில் ஒட்டியிருந்தால் வெள்ளையர் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்திருக்கும்!

இரண்டாவது கேள்விக்கு ஒரு பழைய சண்டையையே பதிலாகச் சொல்லலாம். ஜெர்மனியின் பவுஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியில் 1923-ல், அங்கே ஆசிரியராக இருந்த ஓவியர் காண்டின்ஸ்கி ஒரு படிவம் கொடுத்தார், முக்கோணம், சதுரம், வட்டம் மூன்றுக்கும் மஞ்சள், சிவப்பு, நீலத்தில் எது பொருந்தும் என்று நிரப்பச் சொல்லி. மஞ்சள் முக்கோணம், சிவப்புச் சதுரம், நீல வட்டம் என்பது அவர் கொள்கை, பெரும்பாலோர் அப்படியே நிரப்பினார்கள். அதே பள்ளியில் ஆசிரியராக இருந்த ஓஸ்கார் ஷ்லெம்மருக்கு அது ஒப்பவில்லை, வட்டம் அவருக்குச் சிவப்பாகத்தான் பட்டது. நான் ஷ்லெம்மர் பக்கம். போன இதழில் போட்ட 1964 டோக்கியோ ஒலிம்பிக் போஸ்டரை எடுத்துப் பாருங்கள், யூசாகு காமெகுரா செய்தது, வெள்ளைத் தாளில் பிரம்மாண்டமான ஒரு சிவப்பு வட்டம், அடியில் தங்க நிறத்தில் ஐந்து வளையம், பெயர், ஆண்டு. அது ஜப்பானின் கொடி, உதிக்கும் சூரியன், இரண்டும்தான். நீலத்தில் போட்டால் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

நம் நாட்டிலேயே சிவப்பு முக்கோணம் ஒன்று இருந்ததே, உங்கள் அம்மா அல்லது பாட்டியிடம் கேளுங்கள். தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணம், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு. 1960களில் தீப் தியாகி என்ற அரசு அதிகாரி முன்னின்று கொண்டுவந்தது, கூடவே அப்பா, அம்மா, பையன், பெண் என்று நாலு முகம். ஆஸ்பத்திரிச் சுவர், பஸ்ஸின் முதுகு, குக்கிராமத்துத் துணைச் சுகாதார நிலையம் வரைக்கும் போனது. ஒரு சாதாரணப் பெயின்டர், ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட், ஒரு நூல் இருந்தால் தப்பில்லாமல் போட்டுவிடலாம், எழுத்தே தேவையில்லை. லிஸிட்ஸ்கியின் முக்கோணமும் சிவப்பு, இதுவும் சிவப்பு, ஒன்று போருக்கு, ஒன்று அளவான குடும்பத்துக்கு. வடிவத்துக்குக் குணம் உண்டு, கூர்மை, உருட்சி, கனம் என்று. அர்த்தம் ஊரிலிருந்து வருகிறது. பரீட்சையில் இதை எழுதினால் மார்க் வருமா என்பது உங்கள் ஆசிரியரைப் பொறுத்தது.

சுவிஸ் போஸ்டர் எல்லாமே ஹெல்வெட்டிகா எழுத்தில்தானே?
– சென்னை

இல்லை. ஹெல்வெட்டிகாவே 1957-ல்தான் வேறு பெயரில் வந்தது, ஹெல்வெட்டிகா என்று பெயர் மாறியது 1960-ல். மேலே சொன்ன பீத்தோவன் போஸ்டர் அதற்கு முந்தியது. முல்லர்-புரோக்மன் அதிகம் நம்பியது அக்சிடென்ஸ் குரோட்டெஸ்க் என்ற பழைய ஜெர்மன் எழுத்தை.

சுவர் விளம்பரம் எழுதுபவன் நான், முப்பது வருடத் தொழில். இந்த மாதிரி கட்டம் கட்டி அடுக்குவது ஆங்கில எழுத்துக்குச் சரி. நம் எழுத்து வளைவும் சுழியுமாக இருக்கிறதே, இதில் எப்படி வரும்?
– திருநெல்வேலி

ஐயா, உங்களுக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான், தூரிகை பிடித்தவர் நீங்கள். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும், இந்தப் புதிய எழுத்தமைப்புக்கு 1928-ல் சட்டப் புத்தகம் மாதிரி ஒன்று எழுதிய யான் சிகோல்ட், லைப்ஸிக் நகரத்தில் பெயர்ப்பலகை எழுதும் ஒருவரின் மகன். உங்கள் தொழிலிலிருந்து கிளம்பியதுதான் இதெல்லாம். 1933-ல் நாஜிகள் அவரைப் பிடித்து வைத்தார்கள், வெளியே வந்ததும் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். பின்னாளில் தன் பழைய சட்டங்கள் ரொம்ப இறுக்கம் என்று அவரே சொல்லிவிட்டு, பழைய மரபான புத்தக அமைப்புக்குத் திரும்பினார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் கட்டம் என்றாலே வேதவாக்கு மாதிரி பேசுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

தமிழ் எழுத்துக்கு வருவோம். ட ஒரு சுத்தமான மூலைமட்டம், ப மேல்மூடி இல்லாத பெட்டி, இரண்டும் எந்தச் சுவிஸ் கட்டத்திலும் அழகாக உட்காரும். ஃ-ஐ விட எளிய வடிவம் எந்த மொழியிலாவது இருக்கிறதா, மூன்று புள்ளி, ஒரு முக்கோணம்! தொல்லை தருவது கொம்பும் சுழியும். மேலே கி கீ, கீழே கு கூ என்று எழுத்து இரண்டு பக்கமும் கை நீட்டும், அதனால் ஆங்கிலத்துக்கு விடும் வரி இடைவெளியை நமக்கு விட்டால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள், ஆங்கிலத்துக்குச் செய்த அமைப்பில் தமிழைத் திணித்துவிட்டு, தமிழ் அசிங்கமாக இருக்கிறது என்கிறார்கள். இடைவெளியைத் தாராளமாக விட்டு, ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்தி, வரிகளை இடதுபக்கம் ஒரே நேராக நிறுத்திப் பாருங்கள். ழ, ஐ மாதிரி சுழன்று வரும் எழுத்து ஒன்றே ஒன்றை மட்டும் ஆளுயரத்துக்கு எழுதினால் அதுவே படம், தனியாகப் படம் வேண்டியதில்லை. உங்கள் கையில் அது எப்படி வரும் என்று நினைத்துப் பார்க்கிறேன், கணினியில் வருவதைவிட உயிரோடு வரும்.

எங்கள் ஊரில் நாடக விழா நடத்துகிறோம். சுத்தமாக, ஒரே உருவத்தோடு ஒரு போஸ்டர் போட எனக்கு ஆசை. கமிட்டியில் எல்லோர் போட்டோவும் வேண்டும், காலி இடம் விடக்கூடாது என்கிறார்கள். எப்படிச் சம்மதிக்கவைப்பது?
– புதுச்சேரி

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு துணிக்கடைக்குப் போஸ்டர் செய்துகொண்டு போனேன், தாளில் பாதிக்கு மேல் வெறும் மஞ்சள், கீழே மடித்த புடவையின் ஒரு ஓரம். முதலாளி நல்ல மனிதர், திட்டவெல்லாம் இல்லை, மஞ்சளைத் தொட்டுக்காட்டி, தம்பி, இந்த இடத்துக்கும் சேர்த்துத்தானே நான் காசு கொடுக்கிறேன் என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த இடத்தைத் தள்ளுபடி விவரத்தால் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன், வருத்தம் ரொம்ப நாள் இருந்தது.

இன்று அவர் கேட்டால் கடை வாசலைக் காட்டியிருப்பேன். பண்டிகை நேரத்தில் அவர் கடை ஓரத்துச் சுவரில் முப்பது போஸ்டர் ஒட்டியிருக்கும், முப்பதும் விளிம்பு வரை நிறைந்திருக்கும். அங்கே அந்தக் காலி மஞ்சள்தான் கண்ணைப் பிடித்து இழுக்கும், அதற்குத்தான் காசு. இதை வாயால் சொன்னால் கமிட்டி நம்பாது, எனவே சொல்லாதீர்கள். உங்கள் போஸ்டரையும் அவர்கள் கேட்கும் மாதிரி ஒன்றையும் முழு அளவில் அச்செடுத்து, இரண்டையும் ஏற்கெனவே போஸ்டர் நிறைந்த ஒரு சுவரில் ஒட்டிவிட்டு, கமிட்டியை எதிர்ப்பக்க டீக்கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுங்கள். எது தெரிகிறது என்று அவர்களே சொல்லட்டும்.

போட்டோ கேட்பவர்கள் மேல் கோபப்படாதீர்கள். ஊருக்காக உழைத்தவர் தன் முகத்தைச் சுவரில் பார்க்க ஆசைப்படுவது தப்பில்லை, அதற்கு அழைப்பிதழின் உள்பக்கமோ விழா மலரோ இருக்கிறது, அங்கே எல்லோரையும் தாராளமாகப் போடுங்கள். போட்டோ என்றாலே எளிமைக்கு எதிரி என்றும் நினைக்கவேண்டாம். பீத்தோவனுக்கு வளைவு போட்ட அதே முல்லர்-புரோக்மன் 1960-ல் இரைச்சலைக் குறையுங்கள் என்று ஒரு போஸ்டர் செய்தார், அதில் காதைப் பொத்திக்கொண்டு துடிக்கும் ஒரு பெண்ணின் புகைப்படம், சாய்வாக, தாள் முழுக்க. அங்கே வட்டமும் கோடும் போதாது, வலி மனித முகத்தில்தான் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் நாடகத்தில் ஒரு முகம்தான் எல்லாம் என்றால் அந்த ஒரு முகத்தைப் போடுங்கள்.

உருவம் என்று முடிவெடுத்தால் பென்சிலைத் தொடாதீர்கள், கத்தரிக்கோலை எடுங்கள். 1890களில் இங்கிலாந்தில் வில்லியம் நிக்கல்சனும் ஜேம்ஸ் பிரைடும் பெகர்ஸ்டாஃப் என்ற பெயரில் இப்படித்தான் செய்தார்கள், வண்ணத்தாளை வெட்டி ஒட்டியே போஸ்டர். கத்தரிக்கோலால் நரம்பும் நிழலும் வெட்ட முடியாது, தேவையில்லாதது தானாகவே உதிர்ந்துவிடும். நாடகத்தில் மறக்கமுடியாத பொருள் ஒன்று இருக்குமே, ஒரு குடை, ஒரு காலி நாற்காலி, ஏதோ ஒன்று, அதைக் கறுப்புத் தாளில் பத்துத் தடவை வெட்டுங்கள். பத்தையும் தரையில் பரப்பிவிட்டு, அந்த நாடகத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, இது என்ன என்று மட்டும் கேளுங்கள். சட்டென்று சொல்லும் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடலாம். வண்ணம் இரண்டு போதும். நாடகத்தின் பெயர், நாள், இடம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்கட்டும், நாலு மூலைக்கும் பிரித்துப் போடாதீர்கள். நேரத்தை மறந்துவிடாதீர்கள், ஆசையாக போஸ்டர் செய்கிறவர்கள் எல்லோரும் மறப்பது அதைத்தான்.

ஒட்டிய பிறகு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். பக்கத்தில் போய் எடுக்கவேண்டாம், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து, பக்கத்துப் போஸ்டர்களும் தெரிகிற மாதிரி எடுங்கள்.